மருமகள் தொடாத மாத்திரை

ஹாஜரா: ...அப்ப மீன் வாங்க பாசாருக்கும் வர மாட்ட?

நஜ்வா: வெயிலு மாமி. வேணாம்லா.

ஹாஜரா: பினாங்குல என்னைக்குத்தான் வெயில் இல்ல? போன மாசம் நம்ம நாசி கண்டார் சோத்துக்கடை வாசல்ல நின்னு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சிரிச்சிக்கிட்டு இருந்த. அப்ப சுடலையா?

நஜ்வா: இப்ப சுடுது.

ஹாஜரா: கீரை ஆக்கினா வேணாங்குற. கிளினிக்ல குடுத்த சத்து மாத்திரைய தொடவே இல்ல. மாசமா இருக்கிறவ செய்யிற வேலையா இது?

நஜ்வா: என் மாத்திரைய எண்ணிக்கிட்டா இருக்கீங்க?

ஹாஜரா: கண்ணு இருக்குல்ல, படும்... ரொஸ்னாவ தெரியும்தானே?

நஜ்வா: எந்த ரொஸ்னா?

ஹாஜரா: ஆஸ்பத்திரி கேன்டீன்ல நிக்கிறாளே, அவதான். உன்னைய அங்க பார்த்தாளாம். ஊசி போட்டுட்டு, இடுப்ப புடிச்சிக்கிட்டு அழுதியாம். நேத்துதான் சொன்னா.

நஜ்வா: அவளுக்கு வேற வேலை இல்லையா?

ஹாஜரா: பேச்ச மாத்தாத. என்ன ஊசி அது?

நஜ்வா: தேத்தண்ணி ஆறுது மாமி.

ஹாஜரா: கலைச்சிட்டியா?

நஜ்வா: மாமி!

ஹாஜரா: எம் மூஞ்சிய பார்த்து சொல்லு. அஸ்லானுக்கு தெரியாம கலைச்சிட்டியா?

நஜ்வா: அவருதான் கூட்டிட்டு போனாரு.

ஹாஜரா: யா அல்லாஹ்... எம் புள்ளையுமா?

நஜ்வா: புள்ள கர்ப்பப்பையில தங்கல மாமி. குழாயில தங்கிருச்சு. அங்க வளராது. விட்டா குழாய் வெடிச்சு, உள்ளயே ரத்தம் கொட்டி நான் போயிருவேன். அத கரைக்கத்தான் ஊசி.

ஹாஜரா: ...இத ஏன்டி எங்கிட்ட மறைச்சீங்க?

நஜ்வா: பேரப்புள்ள வரப்போகுதுன்னு நீங்க கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் அல்வா குடுத்து முடிச்சிட்டீங்க. உங்ககிட்ட போய் எந்த வாயால சொல்றது? கலைச்சிட்டான்னுதானே சொல்வீங்க... இப்ப சொன்னீங்களே.

ஹாஜரா: அதுக்கு மாத்திரை என்ன பாவம் பண்ணுச்சு?

நஜ்வா: அந்த சத்து மாத்திரையும் கீரையும் இந்த ஊசி மருந்த வேலை செய்ய விடாதாம். டாக்டர் படிச்சு படிச்சு சொன்னாங்க. வெயில்ல நிக்காதே, கண்ட வலி மாத்திரை போடாதே, வயிறு ரொம்ப வலிச்சா, தலை சுத்தினா, தோள் வலிச்சா உடனே ஓடி வான்னு.

ஹாஜரா: அப்ப... ஊசி கேட்டுருச்சா?

நஜ்வா: இல்ல. நேத்து ரத்தம் பார்த்தாங்க, கர்ப்ப அளவு இறங்கவே இல்ல. நான் திருட்டுத்தனமா மாத்திரை முழுங்குறேன்னு டாக்டருக்கு சந்தேகம். உங்க மவனுக்கும்தான். தொடவே இல்லன்னு அழுதேன், யாரும் நம்பல.

ஹாஜரா: நஜ்வா... ஏன் தோள தேய்ச்சிக்கிட்டே இருக்க?

நஜ்வா: காலையில இருந்து ஒரு மாதிரி வலி. ஒருக்களிச்சு தூங்கினதா இருக்கும்...

ஹாஜரா: எழுந்திரு. அஸ்லானுக்கு போன் போடு, கெரேத்தாவ வாசலுக்கு ஓட்டிட்டு வரச் சொல்லு.

நஜ்வா: மாமி, எதுக்கு இப்படி அவசரப்படுத்துறீங்க?

ஹாஜரா: எழுந்திருடி! நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நான்தான் சொல்லணும்.

நஜ்வா: நீங்க என்ன சொல்லப் போறீங்க?

ஹாஜரா: எம் மருமவ பொய் சொல்லலன்னு. வயித்துப் புள்ளைய பட்டினி போடுறான்னு நெனச்சு, தினமும் அந்த மாத்திரைய பொடிச்சு உன் தேத்தண்ணியில கலந்தது நான்தான்னு.