சட்டைக் கழுத்துக் கறை

உசோமா: கதவைத் திறக்காதீங்க. நான் வரல.

இகென்னா: அடியே, பெரியவங்க சடங்குக்கான கோலாக் கொட்டையை உடைச்சு, தின்னும் முடிச்சாச்சு. மேளக்காரன் கை ஓஞ்சு போச்சு. அக்காக்காரி முன்னால ஆடிக்கிட்டு வந்தாத்தானே கல்யாணப் பொண்ணு வெளிய வர முடியும்?

சிடிம்மா: நீ வரலேன்னா நானும் போகமாட்டேன்க்கா. மாப்பிள்ளை உக்காந்தே கிடக்கட்டும்.

உசோமா: என் கல்யாணத்துல பட்டது போதும்டி. நம்ம வழக்கப்படி கள்ளுக் கோப்பையோட கூட்டத்துக்குள்ள மாப்பிள்ளை இவரைத் தேடினேன்... கண்டுபிடிச்சு, மண்டி போட்டு நீட்டினேன்... கை தவறி இவர் சட்டையிலயே கொட்டிட்டேன். ஊரே சிரிச்சுது. இன்னும் காதுல கேக்குது.

சிடிம்மா: எந்தச் சட்டை? சிங்கத்தலை படம் போட்ட கல்யாணச் சட்டையா?

உசோமா: அதேதான். எத்தனை தேய்ச்சும் கறை போகல. கழுத்தெல்லாம்...

சிடிம்மா: கழுத்துலயா? நீ கீழ மண்டி போட்டிருந்தே, அத்தான் நாற்காலியில. கள்ளு என்ன, மேல தாவுமா?

உசோமா: ஆமால்ல... அப்ப எப்படி கழுத்துல?

சிடிம்மா: அத்தான், ஏன் தரையைப் பாக்குறீங்க?

இகென்னா: அது... நீ ஒரு சொட்டுகூட சிந்தலடி. ஊரே என்னைப் பாக்குதேன்னு பதறிப்போய் ஒரே மடக்கா குடிச்சேன். புரையேறி... மூக்கு வழியா வந்துடுச்சு.

உசோமா: அடப்பாவி மனுஷா! நானே கொட்டினதா நெனச்சு இத்தனை வருஷமா ஒரு விசேஷத்துக்கும் போகல! ஒரு வார்த்தை சொன்னீங்களா?

இகென்னா: வெக்கமா இருந்துச்சு. உனக்கு வேற மாதிரி ஞாபகம்னு தெரிஞ்சதும் தப்பிச்சோம்டான்னு இருந்துட்டேன். அதுலயும் ஒருத்தி சிரிச்சா பாரு... எனக்கும்தான் இன்னும் கேக்குது.

உசோமா: எவ அவ? இன்னைக்கு வந்திருக்காளா?

இகென்னா: வந்திருக்கா.

உசோமா: நல்லதாப் போச்சு. தள்ளுங்க, கதவைத் திறக்கணும். அவ கண்ணு முன்னாலயே ஆடிக் காட்டுறேன். சிடிம்மா, வாடி! மேளத்தை ஓங்கி அடிக்கச் சொல்லு!

சிடிம்மா: அக்கா, மெதுவா! என்னையே விட்டுட்டுப் போறியே... ஐயோ, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க!

உசோமா: தட்டட்டும்! இன்னும் நல்லாத் தட்டட்டும்! என்னங்க, நீங்களும் ஆடுங்க... இப்பச் சொல்லுங்க, எவ அவ?

இகென்னா: இதோ, என் எதிர்ல ஆடுறாளே, இவதான். மண்டி போட்டபடியே வயித்தைப் புடிச்சுக்கிட்டு மொதல்ல சிரிச்சது நீதான்டி. நீ சிரிக்கிறதைப் பாத்துத்தான் ஊரே சிரிச்சுது.