ஓரத்துக் குறிப்பு

வேர்டு திறந்ததும் நான் முதலில் செய்வது மேலே படர்ந்திருக்கும் பட்டன் வரிசையைச் சுருட்டிவிடுவதுதான் சார். கண்ட்ரோலையும் எஃப் ஒன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்துவிடும். அப்புறம் ரூலரை எடுத்துவிடுவேன். இரண்டு பக்கங்களுக்கு நடுவே டபுள் கிளிக் செய்தால் அந்த வெற்று இடைவெளியும் ஒடுங்கிவிடும். என் மானிட்டர் சின்னது. வேண்டாததெல்லாம் கண்ணில் பட்டால் எனக்கு வேலை ஓடாது.

மரக்காணத்தில் கலியபெருமாள் ஐயாவின் உப்பு கோடவுனில் நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். யாருக்கு எந்தப் பாத்தி, யார் மூட்டை தைப்பது, குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் மறுநாளைக்கான தாளை அடித்து ஷெட் கதவில் ஒட்டுவது என் பொறுப்பு. ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். முடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் அறையில் கேன் தண்ணீர் உண்டு. உப்பளத்துப் பெண்கள் அதைக் குடிக்க வருவார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் அவர்கள் வருகிற கோலத்தை நீங்கள் பார்த்ததில்லை. உப்பில் ஊறி வெடித்த பாதங்கள், வெடிப்புக்குள் சீழ். மிதித்த இடமெல்லாம் ஈரம் காய்ந்து வெள்ளை பூக்கும். வசந்தா என்றொருத்தி டம்ளரை உதட்டில் வைத்துத்தான் குடிப்பாள். குடித்துவிட்டு என் தோளுக்கு மேல் குனிந்து, "எம்பேரு எங்க இருக்குது சார்?" என்று திரையில் விரலை வைப்பாள். வியர்வையும் கருவாடும் கலந்த மூச்சு என் கழுத்தில் படும். அந்த டம்ளரைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, தூக்கி எறிந்துவிட்டேன்.

அதனால்தான் அவர்களுக்குத் தனியாக ஒரு டிரம் கேட்டேன். ஐயாவுக்குப் பெருமுக்கல் பக்கம் நிலம் இருக்கிறது. அங்கிருந்து நீல டிரம் ஒன்று லோடு வண்டியில் வந்தது. பாத்திக்குப் பக்கத்திலேயே வைத்து லாரித் தண்ணீர் நிரப்பச் சொன்னேன்.

மேஸ்திரி அருள்மொழியம்மா அன்றைக்கு மகளின் அட்மிஷனுக்காகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தத் தாளை அவர் போனிலும் திறக்கலாம். குடிதண்ணீர் நீல டிரம்மில் என்று நான் அடித்திருந்த வரியைப் பார்த்து, பஸ்ஸிலிருந்தே ஓரத்தில் ஒரு குறிப்புப் போட்டார். "நீல டிரம்மில் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதைத் தாளில் பெரிதாகப் போடவும்."

ஓரத்தில் குறிப்பு வந்தால் என்ன ஆகும் தெரியுமா சார்? பக்கம் இடது பக்கமாக ஒதுங்கிவிடும். திரையில் கால்வாசியை அந்தக் கட்டம் தின்றுவிடும். அவர் சொன்னதைப் பெரிதாகப் போட்டால் தாள் இரண்டாம் பக்கத்துக்கு ஓடும். டிரம்மைத் திருப்பி அனுப்பினாலோ, அவர்கள் மறுபடி என் அறைக்கு வருவார்கள். ரைட் கிளிக் செய்து குறிப்பை நீக்கினேன். பக்கம் நடுவுக்கு வந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார்.

"கமெண்ட் பாத்தீங்களா சார்?"

"பாத்துட்டேம்மா. சரி பண்ணிட்டேன்."

"டிரம்ம தூக்கிடச் சொல்லுங்க. தாகம் எடுத்தா அதுங்க எதையும் பாக்காதுங்க."

"நான் பாத்துக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க."

மறுநாள் காலையில் வசந்தா வந்து வாசலில் நின்றாள். "தண்ணி ஒரு மாதிரி நாறுதுங்க சார். தையல்நாயகிக்குக் கொமட்டுதுன்றா."

"புது டிரம்மு அப்படித்தாம்மா இருக்கும். போய்க் குடிங்க" என்றேன்.

நான் படித்தவன் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. போய்க் குடித்தார்கள்.

வெயில் ஏறியபோது வசந்தா திரும்பி வந்தாள். எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே வாந்தி எடுத்து அதன் மேலேயே சாய்ந்தாள். "கேன்ல ஒரு வாய் குடுங்க சார்" என்றாள். கதவைச் சாத்தினேன். அடியிலிருந்த சந்து வழியாக நாற்றம் வந்தது. கோணிச்சாக்கு ஒன்றை மடித்து அடைத்தேன்.

தையல்நாயகி பிழைத்துக்கொண்டாள் என்கிறீர்கள். நல்லது. வசந்தாவை லோடு வண்டி டிரைவர் பாலகுரு வந்து பார்த்துத் தூக்கிக்கொண்டு போனான், வழியிலேயே உயிர் போய்விட்டது. அவள் பெயரை மறுநாள் தாளிலிருந்து எடுத்த நேரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அப்போது அவளுக்கு உயிர் இருந்ததே என்று கேட்கிறீர்கள். இருந்தது சார். கதவுக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டிரம்மில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அவள் நாளைக்கு வேலைக்கு வரமாட்டாள் என்பதும் தெரியும். பெயரை எடுத்ததும் கீழே இருந்தவர்கள் ஒரு வரி மேலே ஏறினார்கள்.

மற்றபடி வசந்தாவின் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.