நெருப்பு சுடாத கால்

பாரதத்தை இங்க கொஞ்சம் நிறுத்திக்கிறேன். துரியோதனன் எங்கயும் ஓடிட மாட்டான், நாளைக்குக் காலையில படுகளத்துல பார்த்துக்கலாம். நாளைக்கே சாயங்காலம் தீமிதி. தீ மிதிக்கக் காப்பு கட்டினவங்க எல்லாரும் முன்வரிசையிலயே உக்காந்திருக்கீங்க. உங்களுக்குன்னு ஒரு சின்ன கதை வச்சிருக்கேன். சிரிக்கிற கதை இல்ல... அதை முன்கூட்டியே சொல்லிடறேன்.

செய்யாறு பக்கம் ஒரு ஊரு. அங்க தணிகாசலம்னு ஒரு கொத்தனார். பத்து வருஷமா தீ மிதிச்சவன். மத்தவங்க மாதிரிதான் மிதிப்பான். பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுவான், பால் குழியில வந்து விழுவான், ரெண்டு நாளைக்கு நொண்டுவான். மனுஷன்னா அப்படித்தானே?

பதினோராவது வருஷம் என்ன பண்ணான் தெரியுமா? ஓடல... நடந்தான். வரப்பு மேல போறவன் மாதிரி நிதானமா நடந்தான். நெருப்புக் குழி நடுவுல நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. ஊரே 'கோவிந்தா கோவிந்தா'ன்னு கத்துச்சு. அந்த ஊருக்குப் பாரதம் சொல்ல வந்த பிரசங்கியார் மைக்கைப் பிடிச்சிக்கிட்டு, ஆத்தா அவன் காலுக்குக் கீழ தன் முந்தானையை விரிச்சிட்டாள்னு முழங்கினாரு. தர்மகர்த்தா மாலை போட்டாரு.

எல்லாரும் கண்ணுல தண்ணி விட்டாங்க. ஒருத்தி மட்டும் பயந்தா. அவன் பொண்டாட்டி பூங்காவனம்.

ஏன் பயந்தா? ஆறு மாசமா அவதானே பார்த்துக்கிட்டிருக்கா. சோத்துக்கு உக்காந்தா ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பான், இன்னும் கொண்டாம்பான். தின்னதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒரு நாள் சந்தைக்குப் போறப்ப ஒரு கால் செருப்பு கழண்டு பின்னாடி கிடக்கு... இவன் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கான். அவ எடுத்துக்கிட்டு ஓடிப்போய்க் குடுத்தா, எப்ப கழண்டுச்சுன்னு இவளையே கேக்கறான். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்பிட்டா, சிமெண்டுல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு, கொத்தனாருக்கு இதெல்லாம் சகஜம்னுட்டான்.

தீ மிதிச்ச மறுநாள் பார்க்கறா... உள்ளங்கால்ல கொப்புளம் உடைஞ்சு தோலு தொங்குது. இவன் அந்தக் காலோட வேலைக்குக் கிளம்பறான். அவ நேரா பிரசங்கியார் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து நின்னா.

"பிரசங்கியாரே, அவருக்குக் கால் வெந்து போயிருக்கு. வலிக்கலைங்கறாரு. வலிக்கலைங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டாரு... நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரே ஒரு வார்த்தைதான்யா கேட்டா. பிரசங்கியார் என்ன சொன்னாரு?

"தாயி, அந்த வலியை ஆத்தா வாங்கிக்கிட்டா. சந்தேகப்பட்டா பலன் போயிடும். மஞ்சளை வச்சுக் கட்டு, போ."

சொல்லிட்டு, அவ தட்டுல கொண்டாந்த வாழைப்பழத்தையும் வாங்கி வச்சுக்கிட்டாரு.

மஞ்சள் வச்சாங்க. வேப்பிலை வச்சாங்க. பதினஞ்சாம் நாள் விரல் கறுத்துப் போச்சு, வீட்டுக்குள்ள நாத்தம் தாங்கல. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினா, டாக்டரம்மா சக்கரை அளவைப் பார்த்துட்டு, ஏம்மா இவ்ளோ நாள் எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க. வருஷக்கணக்கா சக்கரை இருந்திருக்கு, கால் நரம்பு செத்துப் போயிருக்கு. அதனாலதான்யா நெருப்பு சுடல. முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட மனசு தேறும். வீட்டுக்கு வந்தவன் சுவத்தைப் பார்த்துப் படுத்தான். வாரம் போச்சு, மாசம் போச்சு... பேச்சு இல்ல, சோறு இறங்கல, கண்ணை மூடறதில்ல. மாத்திரை குடுத்தா துப்பிடுவான். கால் போன துக்கம், தானா ஆறிடும்னு ஊர்ல சொன்னாங்க. அதுவும் ஒரு நோவுன்னு யாருக்காவது தோணுச்சா? மனசுக்கு வந்த நோவு. அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஒருத்தரும் கூட்டிக்கிட்டுப் போகல.

பிரசங்கியார் ஒரு நாள் பார்க்கப் போனாரு. குரல் கேட்டுத் தணிகாசலம் மெதுவா திரும்பினான்.

"பிரசங்கியாரே... காப்பு கட்டி சுத்தமாத்தானே இருந்தேன். அன்னிக்கு நெருப்புல காப்பாத்துன காலை இப்ப எடுத்துக்கிட்டாளே. நான் என்ன குத்தம் பண்ணேன்?"

பாரதம் பூரா மனப்பாடம் அந்த ஆளுக்கு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. தை பொறக்கல... அவன் போயிட்டான்.

யாருய்யா அந்தப் பிரசங்கின்னு கேக்கறீங்களா?

நான்தான். இதே வாய்தான்.

அவன்கிட்ட சொல்லாத பதிலை உங்ககிட்ட சொல்றேன், கேட்டுக்குங்க. தணிகாசலம் ஒரு குத்தமும் பண்ணல. ஆத்தா மேலயும் குத்தமில்ல. நோவு காட்டின அடையாளத்தை அருள்னு சொல்லி நான் மாலை போட வச்சேன். தாகம் அடங்கலையா, உடம்பு இளைக்குதா, காலு மரத்துக் கிடக்கா, புண்ணு ஆற மாட்டேங்குதா... போய் ரத்தத்தைக் காட்டுங்க. வீட்ல ஒருத்தன் வாரக்கணக்குல பேசாம கொள்ளாம படுத்திருக்கானா, திமிருன்னு திட்டாதீங்க, அவனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பந்தலுக்கு வெளிய நர்ஸம்மா உக்காந்திருக்காங்க, நான்தான் வரச் சொன்னேன். காப்பு கட்டினவங்க அத்தனை பேரும் காலைக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். அவங்க தொட்டது உங்களுக்குத் தெரியலைன்னா, நாளைக்குக் குழியில இறங்காதீங்க. ஓரமா நின்னு கும்பிடுங்க, ஆத்தா கோச்சிக்க மாட்டா.

அப்புறம் தாய்மாருங்களே... உங்க வீட்டுக்காரரை நினைச்சு உங்களுக்கு ஒரு பயம் வந்து, எங்கிட்ட வந்து கேட்டு, நான் மறுபடியும் ஏதாவது வேதாந்தம் பேசினேன்னு வைங்க... என் பேச்சைக் கேக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.