மகள் வண்டிக்கு அடிச்ச நீலம்

என்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கிறதுல, பெயின்ட் அடிக்கிற வேலை ரொம்பக் கம்மி சார். முக்கால்வாசி நேரம் கழுவுறதுலயே போயிடும். அவசரக்காரன் அழுக்கு மேலயே அடிச்சுட்டு, ஜோரா இருக்குன்னு பல்லைக் காட்டுவான். கொஞ்ச நாள்ல தோல் தோலா உரிஞ்சு வரும். என் பட்டறையில அந்தப் பேச்சே கிடையாது.

நீங்க உட்கார்ந்து எழுதுங்க. நான் எங்கேயும் ஓடிப் போறவன் இல்ல.

அந்தக் காரை மாப்பிள்ளை பழசா வாங்கினார். கல்யாணம் ஆனதுல இருந்து ரெண்டு பேரும் என் வீட்டு மாடியிலதான் இருந்தாங்க. தங்கமான பையன், அதை நான் மறைக்க மாட்டேன். மாமா, மாமான்னு காலையே சுத்தி வருவார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல அவருக்கு வேலை கிடைச்சிருக்குன்னு மகள் வந்து சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ அம்மா போய்ச் சேர்ந்தப்ப இவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க, நான் காதுலயே வாங்கலை. அவளைப் பார்க்காம ஒரு நாளும் நான் படுத்தது கிடையாது.

போகாதேம்மான்னு கெஞ்சிப் பார்த்தேன். நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தும் பார்த்தேன். டாக்டர் குழாயை வச்சுப் பார்த்துட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல பெரியவரே, கல்லு மாதிரி இருக்கீங்க"ன்னுட்டார். அவ சிரிச்சுட்டா. "நல்லா நடிக்கிறேப்பா. மாசாமாசம் வந்து பார்த்துட்டுப் போறோம், போதுமா?"ன்னா.

போதலை சார். எப்படிப் போதும்?

அப்புறம் நான் சண்டை போடலை. கிளம்புறதுக்கு முன்னாடி என்ஜினைப் பிரிச்சு எல்லாம் சரி பண்ணித் தர்றேன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கலை. "அப்படியே நீலக் கலர் அடிச்சுக் கொடுப்பா"ன்னு கேட்டா.

என்ஜினோட இரும்பு உடம்பு, பிளாக்கும்போம், அதைத் தனியா இறக்கி ஸ்டாண்டுல ஏத்தினேன். சுடுதண்ணி, சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போற வரைக்கும் தேய்ச்சேன். கம்பி பிரஷ்ஷால துருவைச் சுரண்டினேன், தின்னர் தொட்டுத் துடைச்சேன். துடைச்ச பிறகு விரல் படக்கூடாது, பட்ட இடத்துல பெயின்ட் பிடிக்காது. அடுத்து ஓட்டைகளை அடைக்கணும். உள்ளே பெயின்ட் இறங்கிச்சுன்னா கதை கந்தல். தட்டையான இடத்துல டேப் ஒட்டுவோம். தண்ணி போற வழி, எண்ணெய் போற வழிக்கெல்லாம் பழைய துணியைத் திணிப்போம். அடிப்பூச்சு பிரைமர் காஞ்ச பிறகு நீலத்தை மெல்லிசா, காயவிட்டுக் காயவிட்டு அடிக்கணும். ஒரேயடியா அப்பினா வழியும். கண்ணுல ஒத்திக்கலாம் போல வந்துச்சு சார், பொய் சொல்லலை.

எங்க தொழில்ல பெரிய அவமானம் என்ன தெரியுமா? அடைச்ச துணியை எடுக்க மறந்து என்ஜினைப் பூட்டிடுறது. எவன் வண்டி சூடானாலும், "என்னப்பா, கோவணத்தை உள்ளேயே விட்டுட்டியா?"ன்னுதான் கிண்டல் பண்ணுவோம். நான் மறக்கலை. தண்ணி போற வழியில இருந்ததை விட்டுட்டு மத்த துணியை எல்லாம் எடுத்தேன். பூட்டி, நானே கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தேன்.

தண்ணி சுத்தலைன்னா என்ஜின் கொதிக்கும், நின்னுடும். ஊர் எல்லையைத் தாண்டுறதுக்குள்ள நின்னுடும்னு நினைச்சேன். கயிறு கட்டி இழுத்துக்கிட்டு என்கிட்டதானே வரணும்? நான் வேலையை இழுத்தடிப்பேன், மாப்பிள்ளை சேர வேண்டிய நாள் தவறிப் போகும். அவ்வளவுதான் என் நினைப்பு. யார் மேலயும் எனக்குக் கோபம் கிடையாது.

ஆனா அந்தத் துணி முழுசா அடைக்கலை போல. அவங்க கிளம்பின அன்னிக்கு மதியம் மகள் போன் பண்ணினப்ப மலைமேல போயிருந்தாங்க.

"அப்பா, பெயின்ட் வாடை குப்புன்னு வருதுப்பா. லேசாப் புகை வேற. ஹீட் முள்ளும் மேல ஏறுது. இவர் நிறுத்தவான்னு கேக்குறார். எதிர்லயே ஒரு மெக்கானிக் கடை இருக்கு."

அந்தக் கடையை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஆள் பிரிப்பான், துணியை வெளியே இழுப்பான், அவ பார்ப்பா. அப்பா மறக்குற ஆள் இல்லைன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஜென்மத்துக்கும் என் முகத்துல முழிப்பாளா?

புது பெயின்ட் முதல் சூட்டுல புகையும் சார், வாடை வரும். எந்த மெக்கானிக்கை வேணும்னாலும் கேளுங்க. அதைத்தான் சொன்னேன். "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். அந்த முள் பழசு, சும்மா ஆடும். கண்டவன் கையில வண்டியைக் கொடுக்காதீங்க. நிறுத்தாம போங்க."

"அப்பா சொன்னா சரியாத்தாங்க இருக்கும், நீங்க எடுங்க"ன்னு அவ மாப்பிள்ளைகிட்டச் சொன்னது எனக்குப் போன்லயே கேட்டுச்சு.

இறக்கத்துல, ஒரு வளைவுல, என்ஜின் இறுகிப் பூட்டிக்கிச்சு. வண்டி குறுக்கே திரும்பி நின்னிருக்கு. பின்னாடி வந்த லாரிக்காரன் கொஞ்சம் இடைவெளி விட்டு வந்திருக்கணும். அதையும் எழுதிக்கோங்க. மாப்பிள்ளை அந்த இடத்துலயே போயிட்டார். நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன் சார், நிஜமாவே அழுதேன்.

இவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கீழ் ரூம்ல, ஜன்னல் ஓரமாக் கட்டில் போட்டிருக்கேன். குளிப்பாட்டுறது, தலை வாரிப் பின்னி விடுறது, ஊட்டுறது எல்லாம் நான்தான். என்கிட்டப் பேசமாட்டேங்குறா, சுவர்ப் பக்கமாத் திரும்பிக்கிறா. போகப் போகச் சரியாயிடும்.

என்ஜினைப் பிரிச்சுப் பாருங்கன்னு அவதான் உங்களுக்குச் சொன்னதாச் சொல்றீங்க. சொல்லியிருப்பா. அவளுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், அப்படியே ஆறியும் போயிடும். ஆமா, உங்க மேசை மேல இருக்கிற துணி என்னோடதுதான். தெரிஞ்சேதான் உள்ளே விட்டேன். தெரிஞ்சேதான் நிறுத்தாதேன்னு சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன்.

ஆனா இருட்டுறதுக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க சார். காலையில இருந்து அவ பட்டினியாக் கிடப்பா. பாவம், அவளுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா?