பாலச்சந்திரன் நிமிர்ந்து நிற்க

உயரமான ஆளோடு சிநேகிதம் வைத்திருப்பது கழுத்துக்குக் கேடு, மதாம் நதாலி. பாலச்சந்திரன் ஆறடி மூன்று அங்குலம். பாரிஸ் லா சப்பல் தேத்தண்ணீர்க் கடையில் கதை சொல்லும்போது நான் அவனை ஏழரை அடியாக்கிவிடுவேன். அவன் மறுக்க மாட்டான், கடை குலுங்கச் சிரிப்பான். முப்பத்தொரு வருடமாக என் கதைகளுக்கு முதலில் சிரித்தவன் அவன்தான். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களும் சிரிப்பார்கள்.

வெல்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்று வாங்கினேன். சின்ன ரகம். ஆசனங்களைக் கழற்றிக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் பொருத்தினேன். ஒன்றைத் தவிர யன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்தேன். இரண்டு பேருமாகப் பிரான்ஸ் முழுக்கச் சுற்றுவதாகப் பேச்சு. இடையில் பாலச்சந்திரனுக்குக் கனடாவிலிருக்கும் அவன் மகன் தனோஜன் விசா எடுத்துவிட்டான். நிரந்தரமாகப் போகிறானாம்.

அவன் புறப்படும் நாள் காலை, பாரிஸுக்கு வெளியே எபினேயில் பஸ் நின்ற வளவுக்குத் தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டேன். படம் பார்க்கவென்று அவன் போனை வாங்கிக்கொண்டேன். அவன் உள்ளே ஏறியதும் கதவை வெளியிலிருந்து வெல்டிங் வைத்து ஒட்டினேன். நாலு நிமிட வேலை.

நான் எதையும் ஒளிக்கவில்லை. தனோஜன் கனடாவிலிருந்து போன் எடுத்தான்.

"தவரத்தினம் மாமா, அப்பா ஏன் பிளேனிலை வரேல்லை?"

"என்ரை பஸ்ஸுக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறன்."

"பகிடியை விடுங்கோ மாமா!"

கடையிலும் சொன்னேன். "அண்ணை, சாப்பாடு குடுக்கிறியளோ?" என்றார்கள். "ஓம், இண்டைக்கு றால் கறி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் ஆயுளில் ஒரு சாண்கூடக் கூட்டாமல் நான் சொன்ன கதை அது ஒன்றுதான்.

பின்னேரங்களில் அந்த ஒற்றை யன்னல் கம்பிக்கு வெளியே இருந்து அவனுக்குக் கதை சொன்னேன். முதல் வாரம் கத்தினான். இரண்டாம் வாரம் பேசாமல் கேட்டான், ஆனால் சிரிக்கவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. யோசித்தபோது காரணம் விளங்கியது. தரைக்குப் பலகையும் கூரைக்குக் குளிர்காப்பும் அடித்ததில் உள்ளே ஆறடிகூட இல்லை. குனிந்து நிற்பவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

யன்னல் தூண்களை அறுத்து, நாலு ஜாக் வைத்து, கூரையை இருபது சென்டிமீட்டர் உயர்த்தினேன். இடைவெளியால் அவன் கை வெளியே வந்தது.

"டேய், நான் கனடாவுக்குப் போகேல்லையடா. சத்தியமாப் போகேல்லை. திற."

அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. "மச்சான், கையை உள்ளை எடு. தகரம் சுடும்" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தான். சுற்றிவரத் தகரம் வைத்து ஒட்டினேன். அந்தக் கிழமையும் அவன் சிரிக்கவில்லை.

நேற்று உங்கள் பொலிஸ் ஆட்கள் கதவை வெட்டித் திறந்தபோது நானும் விலங்கோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பாலச்சந்திரன் இறங்கி வந்தான். தலைக்கு மேலே வானம்தான். ஆனாலும் குனிந்தபடியே வளவைக் கடந்து போனான்.

அப்போதுதான் என் பிழை விளங்கியது, மதாம். இருபது போதவில்லை. இன்னுமொரு பத்து சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தால் சிரித்திருப்பான்.