ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிள்

போர்க்காலம். கொக்குவில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை அசையவேயில்லை. எனக்கு முன்னால் நின்றவர், அடிவயிற்றைக் கையால் பொத்தியபடி, வரிசையில் நின்ற தெரிந்த பெண்ணிடம் சொன்னார்:

“டொக்டர் சைக்கிள் ஓடக்கூடாது எண்டவர். அதாலை நான் ஒரு இடமும் போறேல்லை. வீட்டிலை நிண்டே மிதிக்கிறன்.”

அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“என்ன அண்ணை கதைக்கிறியள்? குடலிறக்கத்துக்கு வெட்டித் தைச்சு ஒரு மாதமும் ஆகேல்லை!”

“கறன்ற் இல்லையே, பிள்ளை. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு மிதிச்சால்தானே டைனமோவிலை றேடியோ வேலை செய்யும். ஒழுங்கைச் சனம் முழுக்கச் செய்தி கேக்க எங்கடை வீட்டைதான் வருது.”

“ஐயோ, தையல் பிரிஞ்சால்? வேறை ஒருத்தரும் மிதிக்க மாட்டினமோ?”

“மிதிப்பினம். அவை மிதிச்சால் சத்தம் ஏறி இறங்குது. ஒண்டும் விளங்காது.”

“இருங்கோ, உங்களை வெட்டின டொக்டரிட்டைச் சொல்லுறன்!”

“அவருக்குத் தெரியும்.”

“தெரியுமோ? ஏசேல்லையோ?”

“ஏசினவர். நேற்றுச் செய்தி கேக்க வந்து முன் கதிரையிலை இருந்தவர். எனக்கு நோகுதெண்டு காலை எடுத்தன். ‘செய்தி முடியேல்லை, நிப்பாட்டாதையும்!’ எண்டு கத்தினவர்.”