அஞ்சா, ஆறா?

...ஹெல்மெட்டு வாங்கிக் குடுத்தா, அதுல கோழிக்குத் தண்ணி வெக்கிறாரும்மா! இந்த மனுசன இன்னான்னு சொல்றது? அதோ, டிரைவருக்குப் பின்னால பச்சத் துண்டு போட்டுக்கினு கீறாரே, அவருதான். எங்க வூட்டுக்காரரு தசரதன். கீழ்பென்னாத்தூரச் சுத்தி எந்தக் கெணத்துல பாறை வந்தாலும் இவருதான் வெடி வெக்கணும்.

இத்தினி வருசத்துல மேல ஒரு கல்லு பட்டதில்ல. அதாம்மா பேஜாரே! காயம் இருந்தா கட்டு போடலாம். இவரு தல வலிக்குதுன்றாரு, வெளிச்சம் ஆவலன்றாரு. சாப்ட்டு கை கழுவிட்டு, 'எல்லம்மா, சோறு போடு'ன்றாரு. கேட்டா எரிஞ்சு வுழறாரு. நான் ஜாஸ்தி பேசறனாம்! நீயே சொல்லு, நான் ஜாஸ்தியா பேசறேன்?... அங்க ஜன்னல்ல இன்னா பாக்குற, இங்க கேளு.

இப்ப போறமே, அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன வாட்டி ஸ்கேன் எடுத்துச்சு. படத்துல ஒண்ணும் தெரியல. 'ஒரு வெடி ஒண்ணும் பண்ணாதும்மா. வருசக்கணக்கா கிட்ட நின்னு வாங்கற அதிர்வு மூளையக் குலுக்கிக்கினே இருந்திருக்கும், அதனால இருக்கலாம். ஹெல்மெட்டு கல்லத் தடுக்கும், அதிர்வத் தடுக்காது. தூரமா நிக்கட்டும், காத மூடட்டும்'னுச்சு.

காத மூடச் சொன்னா சண்டைக்கு வராரு! பாறையில ஆறு வெடித் தோட்டா வெச்சா ஆறு சத்தம் எண்ணணுமாம். ஒண்ணு வெடிக்காம தங்கிட்டா எறங்கறவன் கதி இன்னான்னு கேக்கறாரு. நாயந்தான... ஆனா போன மாசம், நான் சோறு எடுத்துக்கினு போன அன்னிக்கு, 'ஆறும் ஆச்சு, எறங்குடா'ன்னுட்டாரு. நான் எண்ணினது அஞ்சு. இவருகூட வேல செய்யற பையன் அர்ஜுனன் கெணத்து ஏணில கால வெச்சுட்டான். 'அஞ்சுதான்யா! ஏறுடா மேல!'ன்னு நான் போட்ட சத்தத்துல அவன் ஏறி ஓடியாந்தான். 'ஆறுடி'ன்னு இவரு... 'அஞ்சுய்யா'ன்னு நானு... அப்ப வெடிச்சுதும்மா ஆறாவது!

அப்புறம் சோத்தத் தொடல. சாயங்காலமா, 'இனிமே நீ எண்ணு எல்லம்மா'ன்னாரு. அவ்ளோதான். இப்ப ரெண்டு பேரும் தூரத்துப் பனமரத்தாண்ட. அவரு காதுல ரெண்டு கிண்ணம் கவுத்தாப்பல ஒண்ண மாட்டிக்கினு குந்திக்குவாரு. நான் எண்ணுவேன். வாயே தொறக்க மாட்டேன்! அதுக்கு மட்டும் சிரிக்கறாரு, படவா.

ஏம்மா எழுந்துட்ட? இங்கியா எறங்கற?... கீழ யாரு அது, 'எல்லம்மா'ன்னு கத்தறது? அய்யய்யோ, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு! பாத்தியா, ஞாபகமா எறங்கிட்டாரும்மா எங்காளு! ஏம்பா கண்டக்டரு, ஹோல்டான்... ஹோல்டான்!